அக்கிக்குப் பின் நீடிக்கும் நரம்பு வலிக்கு ப்ரீகாபலின் 75: பயன்படுத்தியவரின் மதிப்புரை

அக்கி ஆறிய பிறகும் விடாமல் தொடர்ந்த நரம்பு வலிக்காக, நரம்பியல் மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்ததன் பேரில், ப்ரீகாபலின் 75 மி.கி. காப்ஸ்யூலை ஓராண்டுக்கும் மேலாக உட்கொண்டு வருகிறேன். இந்த மதிப்புரை அந்த மருந்தைப் பற்றியது. அதை விற்கும் நிறுவனம் எதையும் பற்றியதன்று. கடையில் இருப்பு மாற மாறப் பல நிறுவனங்களின் அட்டைகளை வாங்கியிருக்கிறேன். வலி குறைவதில் அவற்றுக்கிடையே எந்த வேறுபாட்டையும் நான் உணரவில்லை. வேறுபாடு இருந்ததெல்லாம் விலையிலும், அந்த ஒரே காப்ஸ்யூலுக்குள் ப்ரீகாபலினோடு வேறு என்னென்ன சேர்த்து அடைத்திருக்கிறார்கள் என்பதிலும்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தனி மருந்தாக வாங்கினால் இது நல்ல மருந்து, கலவையாக வாங்கினால், இந்த மருந்தின் மிகப் பெரிய வசதியான அளவைக் கூட்டிக் குறைக்கும் உரிமையைக் காசு கொடுத்து இழக்கிறோம்.

வலியைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் மருந்தைப் பற்றிச் சொல்வது விளங்கும். சின்னம்மை வந்துபோன உடலிலிருந்து அந்தக் கிருமி முழுவதுமாக வெளியேறுவதில்லை. தண்டுவடத்தை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்து, வயது ஏறும்போதோ எதிர்ப்பாற்றல் குறையும்போதோ மீண்டும் கிளம்பி, ஒரு நரம்பின் வழியாகவே தோலுக்கு வந்து கொப்புளங்களாக வெடிக்கிறது. அக்கி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, நடுக்கோட்டைத் தாண்டாமல் வருவதற்குக் காரணம் இதுவே. எனக்கு இடது தோள்பட்டையின் பின்புறம் தொடங்கி, அக்குளுக்குக் கீழாக மார்பின் முன்பக்கம் வரை வந்தது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மருந்தைத் தொடங்க வேண்டும் என்பார்கள், நானும் தொடங்கினேன். அது கொப்புளங்களை விரைவில் ஆற்றும், அப்போதைய வலியையும் தணிக்கும். ஆனால் பின்னால் வந்து தங்கும் வலியை அது உறுதியாகத் தடுத்துவிடுவதில்லை. புண் ஆறி மூன்று மாதங்களுக்கு மேலும் அந்த இடத்தில் வலி நின்றுவிட்டால், அதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்று மருத்துவர்கள் தனியாக வகைப்படுத்துகிறார்கள். வயது கூடக் கூட இந்த வாய்ப்பும் கூடுகிறது.

எங்கள் பக்கத்தில் அக்கி கண்டவுடன் வேளார் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. எழுதிக்கொண்டவர்களுக்கும் கொப்புளம் ஆறுகிறது, எழுதாதவர்களுக்கும் ஆறுகிறது என்பதால் அதைப் பற்றி நான் வழக்காட விரும்பவில்லை. ஆனால் புண் ஆறித் தோல் சுத்தமாகிவிட்ட பிறகு வரும் வலியை அண்டை அயலார் எவரும் நம்புவதில்லை. பார்ப்பதற்கு எதுவும் இல்லை. சற்று நிறம் மாறிய தழும்புகள் மட்டுமே இருக்கும். அந்த இடத்தில் ரவிக்கைத் துணி உரசினாலே எரியும். மின்விசிறிக் காற்று பட்டால் கூசும். அழுத்திப் பிடித்தால் ஓரளவு தாங்கும், மெல்லத் தொட்டால் தாங்காது. இடையிடையே காரணமே இல்லாமல் சுள்ளென்று ஒரு வெட்டு வலி. அதே இடத்தில் ஊசியால் குத்திப் பார்த்தால் மரத்திருக்கும் என்பது மருத்துவர் சோதித்துக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இந்த வலிக்குப் பாராசிட்டமாலும் டைக்ளோஃபினாக்கும் உதவாமல் போவதில் வியப்பு இல்லை. அவை காயத்திலும் வீக்கத்திலும் உண்டாகும் வலியைக் குறைப்பவை. இங்கே காயம் எதுவும் மிச்சமில்லை. சேதமடைந்த நரம்பே தானாக வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அறுபதைத் தாண்டியவர்கள் பலன் இல்லாத வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவதால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும்தான் கேடு.

ப்ரீகாபலின் வேறு வழியில் வேலை செய்கிறது. நரம்பு முனையில் கால்சியம் நுழையும் வாயில்களில் ஆல்ஃபா-2-டெல்டா என்றொரு பகுதி உண்டு. அதில் ஒட்டிக்கொண்டு, வலிச் செய்தியை அடுத்த நரம்புக்குக் கடத்தும் வேதிப்பொருள்கள் அளவுக்கு மீறிச் சுரப்பதைக் குறைக்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சில்வர்மேன் என்னும் வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில், வலிப்பு நோய்க்கான மருந்தைத் தேடும் முயற்சியில் பிறந்த மூலக்கூறு இது. ஃபைசர் நிறுவனம் இதை 'லிரிக்கா' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2004-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் இதற்குக் கிடைத்த முதல் அனுமதியே நீரிழிவால் வரும் நரம்பு வலிக்கும் அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலிக்கும்தான். ஆகவே எனக்கு எழுதித் தரப்பட்டது ஏதோ வேறொரு நோயின் மருந்தைச் சுற்றி வளைத்துப் பயன்படுத்துவதன்று. இந்த வலிக்கென்றே சோதிக்கப்பட்ட மருந்து. இதைச் சொல்லக் காரணம், மருந்துக் கடையில் நின்ற ஒருவர் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்து "இது ஃபிட்ஸ் மாத்திரை ஆயிற்றே" என்று கேட்டதும், அதைக் கேட்டு என் வீட்டில் ஒரு வாரம் நடந்த விவாதமும்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த மருந்து நரம்பைச் சரிசெய்வதில்லை, பலப்படுத்துவதும் இல்லை. செய்தியின் உரப்பைக் குறைக்கிறது, அவ்வளவுதான். "நரம்புக்குச் சத்து" என்று கடையில் சொல்லிக் கொடுப்பவர்கள் நோயாளிக்குத் தவறான எதிர்பார்ப்பை ஊட்டுகிறார்கள். சத்து என்று நம்பி உட்கொள்பவர், வலி இல்லாத நாளில் நிறுத்திவிடுவார்; திடீரென நிறுத்தக் கூடாத மருந்து இது.

என் அனுபவம் தொடங்கியது மருந்திலன்று, ஓர் இரத்தப் பரிசோதனையில். மருத்துவர் முதலில் கேட்டது, சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினின் அளவைத்தான். இந்த மருந்து கல்லீரலில் சிதையாமல் பெரும்பகுதி அப்படியே சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இன்னும் கீழே போனால் இன்னும் குறைக்க வேண்டும். முதியவர்களில் பலருக்குத் தங்கள் சிறுநீரகம் மெதுவாகிவிட்டது என்பதே தெரியாது. எனக்கு முன்பு வேறோர் இடத்தில் இதே மருந்தை இந்தக் கேள்வியே கேட்காமல், எடுத்த எடுப்பில் காலை 150, இரவு 150 என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நான் பயன்படுத்தவில்லை. இந்த மருந்தை எழுதிக் கொடுக்கும் மருத்துவர் நல்லவரா என்று பார்க்க எளிய அளவுகோல் ஒன்று உண்டென்றால், அவர் கிரியாட்டினின் அறிக்கையைக் கேட்கிறாரா என்பதையே சொல்வேன்.

இரவில் மட்டும் ஒரு 75 என்று தொடங்கினோம். மறுநாள் காலையில் கிறுகிறுப்பு நன்றாகவே இருந்தது. தலை சுற்றிக் கீழே விழுகிற அளவுக்கு இல்லை. படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிற அளவுக்கு இருந்தது. முதல் வாரத்தில் இந்தத் தள்ளாட்டமும் தூக்கக் கலக்கமும் பலருக்கும் வருபவை என்பதையும், உடல் பழகியதும் பெரும்பாலும் குறையும் என்பதையும் மருத்துவர் முன்னமே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததாலேயே எத்தனையோ பேர் மூன்றாம் நாளில் அட்டையை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். வாரம் கழித்துக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அதன் பிறகு காலையில் 75, இரவில் 150 வரை சென்று, அங்கே நின்றோம். உணவோடும் எடுக்கலாம், உணவின்றியும் எடுக்கலாம். எவ்வளவு எடுத்தாலும் ஏறத்தாழ முழுவதும் உடலில் சேர்கிறது. இதன் மூத்த உறவான காபாபென்டினில் அளவு கூடக் கூட உடல் உறிஞ்சும் விகிதம் குறைந்துகொண்டே போகும்; நாள் ஒன்றுக்கு மூன்று வேளை எடுக்க வேண்டும். அந்த வகையில் ப்ரீகாபலினின் கணக்கு நேரானது.

பலனைப் பற்றிச் சொல்லும்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் இரவு வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதி வரும்படி மருத்துவர் சொன்னார். தொடக்கத்தில் பெரும்பாலும் ஏழும் எட்டுமாக இருந்தது, அளவு நிலைபெற்ற சில வாரங்களில் மூன்றும் நான்குமாக வந்து நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. முதலில் திரும்பி வந்தது தூக்கம். வலி குறைவதற்கு முன்பே தூக்கம் சீரானது. வெட்டு வலி அநேகமாக நின்றுவிட்டது. துணி உரசும்போது வரும் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. தழும்பைச் சுற்றியுள்ள அரிப்புக்கும் மரத்துப்போன உணர்வுக்கும் இந்த மருந்தால் எந்தப் பயனும் இல்லை. அவை அப்படியே இருக்கின்றன.

வலி முற்றாக ஒழியவில்லையே என்பதை இந்த மருந்தின் குறையாகச் சொல்வது முறையன்று. 2003-இல் 'நியூராலஜி' இதழில் வந்த ஆய்வொன்றில், அக்கிக்குப் பிந்தைய வலி உள்ள 173 பேரை எட்டு வாரங்கள் கவனித்தார்கள். சிறுநீரகத்தின் திறனைப் பார்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 அல்லது 300 மி.கி. என்று கொடுத்தார்கள். வலி பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 50 விழுக்காடு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெற்றுக் காப்ஸ்யூல் எடுத்தவர்களில் 20 விழுக்காடு. அதாவது சரியான நோயாளிக்கு, போதிய அளவில் கொடுத்தும், இருவரில் ஒருவருக்கே பாதி வலி குறைந்தது. மற்றவருக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் 'லான்செட் நியூராலஜி' வெளியிட்ட கணக்கு இன்னும் அடக்கமானது: வெற்று மருந்துக்கு மேலாக ஒருவருக்குப் பாதி வலி குறைய வேண்டுமானால், ப்ரீகாபலினை எட்டுப் பேருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய, மலிவான அமிட்ரிப்டிலின் வகை மருந்துகளுக்கு அந்தக் கணக்கு நான்கு பேருக்கும் குறைவு. அந்தப் பழைய மருந்துகளின் ஆய்வுகள் சிறியவை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். என் உறவினர் ஒருவருக்கு இதே மருந்து எதுவுமே செய்யவில்லை. போதிய அளவில் சில வாரங்கள் எடுத்தும் அசைவில்லை என்றால், மருந்தை மாற்றும்படி மருத்துவரிடம் கேட்பதே சரி; மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

எல்லா நரம்பு வலிக்கும் இதுவே மருந்து என்றும் எண்ணக் கூடாது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக்கா வலிக்கு நம் ஊரில் இதைத் தாராளமாக எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வில், சயாட்டிக்காவில் ப்ரீகாபலின் வெற்றுக் காப்ஸ்யூலைவிட மேலாக எதையும் செய்யவில்லை. கிறுகிறுப்பு மட்டும் கூடுதலாக வந்தது. இடுப்பு வலிக்காரர்கள் என் மதிப்புரையைத் தங்களுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பக்கவிளைவுகளில் கிறுகிறுப்பு எனக்கு மூன்று வாரங்களுக்குள் அடங்கியது. அடங்காமல் நிற்பவை வேறு. கணுக்காலில் வீக்கம்: மாலையானால் கொலுசின் தடம் பதிகிறது. எடை கூடுதல்: உணவை மாற்றாமலே கூடியது; மருத்துவர் இதை எதிர்பார்த்ததாகச் சொன்னார். நீரிழிவுக்குப் பியோகிளிட்டசோன் எடுப்பவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும் என்பதையும், இதயம் பலவீனமானவர்களுக்கு அந்த வீக்கம் விளையாட்டன்று என்பதையும் அறிந்துகொண்டேன். மலச்சிக்கல் சிறிதளவு. பேசிக்கொண்டிருக்கும்போது தெரிந்த பெயரொன்று நாக்கு நுனியில் நின்று வராமல் போவது அவ்வப்போது; அளவைக் குறைத்த பிறகு இது குறைந்தது என்பதால் மருந்தின் வேலை என்றே கருதுகிறேன், வயதின் வேலையும் கலந்திருக்கலாம். கண் மங்கலாகத் தெரிவதாகச் சிலர் சொல்கிறார்கள், எனக்கு வரவில்லை. இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது விழுந்துவிடும் ஆபத்து முதியவர்களுக்கு உண்மையானது. முதல் இரண்டு வாரம் அந்த வழியில் ஒரு விளக்கை எரியவிட்டேன், ஸ்கூட்டரைத் தொடவில்லை.

தூக்க மாத்திரை, டிராமடால் போன்ற வலி மருந்து, மது ஆகியவற்றோடு இதைச் சேர்ப்பது தூக்கக் கலக்கத்தைக் கூட்டுவதோடு நின்றுவிடாது. மூச்சையே மந்தமாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது. வயதானவர்களும் நுரையீரல் நோயாளிகளும் கூடுதலாக எச்சரிக்கப்பட்டார்கள். மனச்சோர்வோ தவறான எண்ணங்களோ தலைகாட்டினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதும் இந்த வகை மருந்துகள் அனைத்துக்கும் உள்ள எச்சரிக்கை. இதைத் தவறாகப் பயன்படுத்துவோர் பெருகியதால் பிரிட்டனில் 2019 ஏப்ரலிலிருந்து கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இங்கே இது மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கப்பட வேண்டிய மருந்து. அட்டையின் சிவப்புக் கோடு அதைத்தான் சொல்கிறது. நடைமுறையில் பல கடைகளில் பழைய அட்டையைக் காட்டினாலே போதும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கலவை விவகாரத்துக்கு வருகிறேன். மருத்துவர் என் சீட்டில் "ப்ரீகாபலின் 75" என்று மட்டும் எழுதியிருந்தார். கடையில் கொடுத்ததோ ப்ரீகாபலின் 75 மி.கி.யோடு, வைட்டமின் பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் 750 மைக்ரோகிராம் சேர்ந்த காப்ஸ்யூல். "அதேதாம்மா, வைட்டமினும் இருக்கு, நல்லதுதான்" என்றார் கடைக்காரர். வைட்டமின் பி12 குறைந்திருந்தால் நரம்பு பாதிக்கப்படும் என்பது உண்மை. நீண்ட காலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்காதவர்களுக்கும் அந்தக் குறைவு வரலாம் என்பதும் உண்மை. நானும் மெட்ஃபார்மின் எடுப்பவள் என்பதால் பி12 பார்த்தார்கள், போதிய அளவில் இருந்தது. குறைவு இல்லாதவருக்கு அக்கி வலியில் அந்த வைட்டமின் என்ன செய்யப்போகிறது? குறைவு உள்ளவருக்குத் தேவைப்படும் அளவையும் காலத்தையும் இந்தக் கலவை முடிவு செய்ய முடியாது; அது இரத்த அளவைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

இதைவிடக் கவலைக்குரியது இன்னொரு கலவை: ப்ரீகாபலின் 75 மி.கி.யோடு நார்ட்ரிப்டிலின் 10 மி.கி. சேர்ந்தது. நார்ட்ரிப்டிலின் அமிட்ரிப்டிலின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. வாயை உலர்த்தும், சிறுநீரைத் தடுக்கும், சிலவகைக் கண் அழுத்த நோயை மோசமாக்கும், இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம். புராஸ்டேட் வீங்கிய முதியவர் ஒருவருக்கு ப்ரீகாபலினை உயர்த்த வேண்டி, இந்தக் கலவையில் ஒன்றை இரண்டாக்கினால், அவருக்கு உதவாத நார்ட்ரிப்டிலினும் இரட்டிப்பாகிறது. பக்கவிளைவு வந்தால் எந்த மருந்தால் வந்தது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை.

இரண்டு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. காபாபென்டினையும் நார்ட்ரிப்டிலினையும் சேர்த்துக் கொடுத்தபோது தனித்தனியே கொடுத்ததைவிடப் பலன் கூடியது என்று 2009-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. நீரிழிவு நரம்பு வலி உள்ள 130 பேரிடம் பிரிட்டனில் நடத்தி 2022-இல் அதே இதழில் வெளியிட்ட ஆய்விலும், அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், ப்ரீகாபலின் மூன்றில் எதில் தொடங்கினாலும் முடிவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஒன்றில் போதிய பலன் கிடைக்காதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது மேலும் உதவியது. ஆனால் அங்கெல்லாம் நோயாளி தாங்கும் அளவுக்கு மருந்தைப் படிப்படியாக உயர்த்தினார்கள். நம் கடையில் கிடைப்பது, எல்லோருக்கும் ஒரே அளவில் முன்கூட்டியே தைத்துவைத்த சட்டை. நியாயமற்ற கூட்டு மருந்துகள் என்று 2018-இல் 328 மருந்துகளையும், 2024-இல் 156 மருந்துகளையும் மத்திய அரசு தடை செய்தது. அதன் பிறகும் நான் சொல்லும் இந்த நரம்பு வலிக் கலவைகள் எந்தக் கடையிலும் கேட்டவுடன் கிடைக்கின்றன. தனி ப்ரீகாபலினைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

தேடினால் கிடைக்கிறது, விலையும் மிகக் குறைகிறது. மக்கள் மருந்தகம் என்று அழைக்கப்படும் மத்திய அரசின் ஜன் அவுஷதி கடையில் தனி ப்ரீகாபலின் 75 பத்துக் காப்ஸ்யூல் அட்டையாகக் கிடைத்தது. முன்பு கலவைக்கு நான் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. சில சமயம் இருப்பு தீர்ந்துவிடுகிறது என்பதே அங்கே உள்ள குறை. ஆகவே கையிருப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போதே போய்விடுகிறேன். திடீரென நிறுத்தக் கூடாத மருந்துக்கு இந்த முன்னெச்சரிக்கை அவசியம். தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலையில் மருந்துகள் விற்கிறார்கள். போகும் முன் இந்த மருந்து இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. மாதாமாதம், ஆண்டுக்கணக்கில் வாங்க வேண்டிய மருந்தில் ஓய்வூதியக்காரருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. வாங்கும்போது அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரின் இறுதியில் 'எம்', 'என்டி' போன்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால், உள்ளே இன்னொரு மருந்து இருக்கிறது என்று பெரும்பாலும் பொருள்.

மாற்று மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில் எடுப்பது மிக மலிவான வழி, இந்த வலிக்கு அது உதவும் என்று 1982-லேயே கனடாவில் ஆய்வு நடந்திருக்கிறது. இதயமும் கண்ணும் புராஸ்டேட்டும் நன்றாக இருப்பவர்கள் மருத்துவரிடம் இதைத் தயங்காமல் கேட்கலாம். எனக்கு இதயத்துடிப்புப் பிரச்சினை இருப்பதால் அந்தக் கதவு மூடியிருந்தது. லிடோகெய்ன் 5 விழுக்காடு ஒட்டுப்பட்டை, உரசினால் எரிகிற சிறிய பரப்புக்கு நல்லது, தலையைக் கிறுகிறுக்க வைக்காது. விலைதான் இடிக்கிறது, எங்கள் ஊரில் எப்போதும் கிடைப்பதும் இல்லை. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் களிம்பை ஒரு முறை பூசினேன். மிளகாய் அரைத்த கையோடு கண்ணைத் தொட்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

தனி ப்ரீகாபலினுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்; குறைத்த ஒன்று எடைக்கும் வீக்கத்துக்கும். வைட்டமின் கலவைக்கு இரண்டு. நார்ட்ரிப்டிலின் கலவையை நான் எடுத்ததில்லை என்பதால் மதிப்பெண் தருவது முறையன்று. ஆனால் மருத்துவர் அதையே எழுதினால், இரண்டையும் தனித்தனியாக எழுதித் தர முடியுமா என்று கேட்பேன்.

வீட்டில் ஐம்பதைக் கடந்தவர்களுக்கு அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது, இரண்டு தவணை. விலை அதிகம்தான். என் அக்காவுக்குப் போட்டுவிட்டோம்.

இந்த வலி பலருக்குக் காலப்போக்கில் தானாகவும் தணிவதால், இப்போது இருக்கும் நிம்மதியில் மருந்தின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று அளவைக் குறைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார் மருத்துவர். இரவு 150 என்பது ஏற்கெனவே 75 ஆகிவிட்டது. வலி நோட்டில் எண் ஏறவில்லை. ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கமின்மை, குமட்டல், வியர்வை, பதற்றம் எல்லாம் வரக்கூடும் என்பதால், குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு படிப்படியாக இறக்க வேண்டும். என் விஷயத்தில் அதைவிட மெதுவாகவே இறக்குகிறோம். அடுத்த படி காலைக் காப்ஸ்யூலை 50 மி.கி. ஆக்குவது. அந்த 50-ஐத் தனி மருந்தாக இரண்டு கடைகளில் கேட்டுப் பார்த்தேன், இரண்டிலும் வைட்டமின் சேர்த்ததுதான் இருக்கிறது என்றார்கள். வரவழைத்துத் தருவதாக மூன்றாவது கடையில் சொல்லியிருக்கிறார்கள்.